முன்மொழிபவர்: வெள்ளத்தாய்

ஜூலை 8, திங்கள்

கலெக்டர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கர்ப்பத்திலோ பிரசவத்திலோ ஒரு பெண் செத்துப்போனால் வீட்டு ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். என் மகள் கற்பகம் செத்து இன்றோடு முப்பத்தாறு நாள்.

பெரிய மேசை. சுற்றிலும் டாக்டர்கள். எனக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி. எத்தனை மாசம் என்று கேட்டார்கள். மூன்று. ஏற்கெனவே பிள்ளைகள் உண்டா. இரண்டு பெண், இரண்டும் வயிற்றைக் கிழித்து எடுத்தது. ரத்தம் போக ஆரம்பித்தது என்றைக்கு. வெள்ளிக்கிழமை என்றேன். "வீட்டுக்கு வந்து கேட்டப்ப வியாழன்னு சொல்லியிருக்கீங்களே" என்று ஒருவர் காகிதத்தைத் தட்டினார். கலைக்கிற மாத்திரை யார் வாங்கிக் கொடுத்தது. தெரியாது என்றேன்.

வெளியே வந்ததும் ஒரு டாக்டரம்மா பின்னாலேயே வந்தார். "அம்மா, மறுபடி கூப்பிடுவாங்க. தேதி மாறி மாறிச் சொன்னா உங்களுக்குத்தான் சங்கடம். ஒரு நோட்டுல எழுதி வைங்க. எழுதத் தெரியுமா?"

"அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன்."

"போதும். உங்க பொண்ணு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை போனான்னு சொன்னீங்க. ஏன் திருப்பி அனுப்பினாங்க?"

"புருசன் கையெழுத்து வேணும்னாக. அவரு திருப்பூர்ல இருக்காரு. கலைக்கக் கூடாதுன்னுட்டாரு. கர்ப்பத்தடை ஆபரேசனும் சேத்துப் பண்ணிக்கிட்டாத்தான் செய்வோம்னும் சொன்னாகளாம்."

டாக்டரம்மா என்னைச் சுவர் ஓரமாகக் கூட்டிப்போனார். பிறகு, "பதினெட்டு வயசு முடிஞ்சவளுக்கு அவ கையெழுத்து மட்டும் போதும்மா. புருசன் கையெழுத்து சட்டத்துலயே கிடையாது. ஆபரேசன் பண்ணினாத்தான்னு கட்டாயப்படுத்தவும் கூடாது" என்றார்.

நான் சரி என்றேன். பஸ் ஸ்டாண்டில் இந்த நோட்டை வாங்கினேன்.

ஜூலை 10, புதன்

தீப்பெட்டி ஆபீசில் வேலை, பெட்டியில் குச்சி அடைத்தேன். மழை. குச்சி காயவில்லை, மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள்.

ஜூலை 12, வெள்ளி

தேதிகளை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 23, கற்பகம் முதல் தடவை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் லீவு. ஏப்ரல் 30, இரண்டாவது தடவை. புருசனைக் கூட்டி வா என்றார்கள். மே 14, மூன்றாவது தடவை. புருசன் இல்லாவிட்டால் பெரிய ஆள் யாராவது துணைக்கு வேண்டும் என்றார்கள். அன்றைக்குத் துணைக்கு யாரும் போகவில்லை. ஆபீசில் அவசர ஆர்டருக்கு லாட்டு ஓடிக்கொண்டிருந்தது. லீவு போட்டால் மறுநாள் வேலை இல்லை என்று போர்மேன் சொல்லியிருந்தான்.

மே 29, மாத்திரை வீட்டுக்கு வந்தது. 30 வியாழக்கிழமை சாப்பிட்டாள். 31 வெள்ளிக்கிழமை ரத்தம் போனது. ஜூன் 1, இன்னும் போனது. ஜூன் 2 ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்புலன்சு. பாதி வழி.

இனி யார் கேட்டாலும் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

பிள்ளைகளுக்குத் தலை குளிப்பாட்டினேன். பெரியவள் அகல்யாவுக்கு ஏழு வயது, கண்ணில் சீயக்காய் பட்டால் கத்த மாட்டாள். சின்னவள் மிருதுளா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். அந்தச் சத்தத்தில் வாசலில் ஆள் வந்ததே தெரியவில்லை.

பஞ்சாயத்துத் தலைவி செல்வராணியும் அவள் வீட்டுக்காரர் சீனிராஜும் நின்றார்கள். தலைவி அவள், ஆனால் ஊரில் தலைவர் என்றால் அவரைத்தான் சொல்லுவோம். கூட வேட்டி கட்டிய ஒருவர், மதுரையில் ஏதோ டிரஸ்டு நடத்துகிறவராம்.

சீனிராஜ்தான் பேசினார். "வெள்ளத்தாயி, ஒம் மகளுக்கு வந்தது இந்த ஊருல இன்னொருத்திக்கு வரக்கூடாது. ஆகஸ்டு பதினஞ்சு கிராம சபையில ஒரு தீர்மானம் போடப்போறோம். நம்ம ஊராட்சியில கருக்கலைப்பே கூடாது. மாத்திரை விக்கிறவன், வாங்குறவ, கூடப் போறவ எல்லாருக்கும் அவராதம். கர்ப்பமானா பஞ்சாயத்து நோட்டுல பேரு எழுதிரணும். தமிழ்நாட்டுலயே மொத ஊரு நம்ம ஊருதான்."

"உயிர் காக்கும் ஊராட்சி" என்றார் டிரஸ்டுக்காரர். பேனர் அடிக்கக் கொடுத்தாகிவிட்டதாம்.

"அதுக்கு எங்கிட்ட எதுக்கு?"

"நீதான் முன்மொழியணும். பெத்தவ நீ. நீ எந்திரிச்சு நின்னா எவன் எதுத்துப் பேசுவான்?"

செல்வராணி மிருதுளாவின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருசம், அவளுக்குப் பிள்ளை இல்லை. போகும்போதுதான் வாயைத் திறந்தாள். "மதினி, எனக்குக் கேட்டுக் கேட்டுக் கிடைக்கல. கிடைச்சத ஏன் மதினி தூக்கிப் போடணும்?" அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. நிசமாகவே கேட்டாள்.

சீனிராஜ் செருப்பை மாட்டிக்கொண்டே, "பிள்ளைகளுக்கு மாசாமாசம் உதவித் தொகைன்னு அலையிறயாமே? தீர்மானம் முடியட்டும். அந்த மனுவ நானே கையில கொண்டுபோயிக் குடுக்கேன்" என்றார்.

ஜூலை 17, புதன்

பக்கத்து வீட்டுப் பொன்மலர் தண்ணீர் பிடிக்க வந்தாள். இருபத்திரண்டு வயது. இடுப்பில் ஏழு மாதப் பிள்ளை. புருசன் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் சத்தீஸ்கர் போயிருக்கிறான். குடம் நிறைந்த பிறகும் போகவில்லை.

"யத்தே, ஒண்ணு கேப்பேன், வையக் கூடாது. கற்பகக்கா எந்தக் கடையில வாங்குனாக?"

என்னத்தை என்றேன். எனக்குத் தெரியாதா என்னத்தை என்று.

"ரெண்டு மாசமா குளிக்கல யத்தே. இவனே இன்னும் பால் குடிக்கான். ஆபீசுல பிள்ளையத் தூக்கிட்டு வராதேங்கான். பால்வாடியில மூணு வயசு ஆகணும்ங்காக. இன்னொண்ண எங்க வச்சிக்கிட?"

போடி வீட்டுக்கு என்று விரட்டிவிட்டேன். குடத்தை அவள் மறந்துவிட்டுப் போனாள். நான் போய்க் கொடுக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

உதவித் தொகை மனுவுக்குத் தாலுகா ஆபீஸ் போனேன். பிள்ளைகளுக்கு அப்பா உயிரோடு இருக்கிறார், அதனால் இந்த விண்ணப்பம் இல்லை, வேறு விண்ணப்பம் என்றார்கள். அது எங்கே கிடைக்கும் என்றேன். இங்கே இல்லை என்றார்கள். வேறு ஆபீசைக் கை காட்டினார்கள், அங்கே போனால் கற்பகத்தின் இறப்புச் சான்றிதழில் புருசன் பெயர் மாரியப்பன், ஆதாரில் மாரிஅப்பன் என்று இருக்கிறதாம். சரி செய்து கொண்டு வா. யார் சரி செய்வது? அவர் வர வேண்டும். அவர் வரமாட்டார்.

மத்தியானம் பச்சைத் தண்ணீர். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கற்பகம் இருக்கும்போது இப்படி ஒரு மனுவுக்கு ஒரு ஆள் எங்களைத் தேடி வந்தது கிடையாது. வயிற்றில் இருந்ததைப் பற்றிக் கேட்கத்தான் இப்போது வீடு தேடி வருகிறார்கள். வெளியே வந்த இரண்டும் இங்கே தட்டில் வெறும் சோற்றை அளைந்துகொண்டிருக்கின்றன, ஒருவரும் கேட்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் பஞ்சாயத்துக் கிளார்க்கு ஆபீஸ் கேட்டுக்கு நோட்டோடு வந்தார். எப்போதும் வருவதுதான். கிராம சபைக்குப் போதுமான ஆள் வராது, அதனால் பத்து இருபது நாள் முன்பே, வந்ததாக இப்படிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நாங்களும் சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டுப் போடுவோம். கூட்டத்துக்குப் போய் உட்கார வேண்டாம்.

"ரேகையா, கையெழுத்தா?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் வந்தது. க. வெள்ளத்தாய் என்று முழுசாகப் போட்டேன். "யக்காவுக்குத் தனிப் பக்கம்" என்று ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். வரிசை நிறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. முட்டை வேகவைத்தேன்.

பொன்மலர் கொல்லையில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. ஓங்கரித்து, நிறுத்தி, திரும்ப. கற்பகமும் இப்படித்தான், வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டுத்தான் எடுப்பாள். போய்ப் புளித்தண்ணீர் கொடுத்தேன்.

"கடைப் பேரு மட்டும் சொல்லுங்க யத்தே. நான் போயிக்கிடுதேன்."

"கடைப் பேரத் தெரிஞ்சு என்ன செய்யப்போறே? அந்த ஆளு ஒண்ணும் சொல்லமாட்டான். தாளுல சுத்திக் கையில வச்சிட்டு அடுத்த ஆளப் பாத்துக்கிடுவான். எப்பச் சாப்பிடணும், எவ்வளவு ரத்தம் போனா ஆபத்துன்னு ஒரு வார்த்த இருக்காது."

பொன்மலர் என்னையே பார்த்தாள். அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

வேலை. முதுகு வலி. மிருதுளா பள்ளிக்கூடத்தில் அம்மா படம் வரையச் சொன்னார்களாம். வரையவில்லை என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். அந்த டீச்சருக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. மாப்பிள்ளை திருப்பூரில் இருந்து வந்திருந்தார். கற்பகம் படத்துக்கு முன்னால் இலை போட்டேன். பக்கத்தில் சின்னதாக இன்னொரு இலை கிள்ளி வைத்து ஒரு கவளம் சோறும் வைத்தேன். அது யாருக்கு என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. அதுவும் எனக்குப் பேரப்பிள்ளைதானே. ஆணோ பெண்ணோ.

சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "அத்தே, எம் புள்ளயக் கலைக்க மாத்திரை வாங்கிக் குடுத்தது யாருன்னு மட்டும் தெரியட்டும். வெட்டிருவேன்."

நான் அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். ஆதார் பெயர் மாற்ற வரச் சொன்னேன். லீவு இல்லை என்று சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டார். பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பஞ்சாயத்து போர்டில் கிராம சபை அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆபீசுக்குப் போகிற வழியில் நின்று விரலை வைத்துப் படித்தேன். குடிநீர். தெருவிளக்கு. சுடுகாட்டுப் பாதை. ஏழாவதாக, கருக்கலைப்பு இல்லா ஊராட்சித் தீர்மானம். அதற்குக் கீழே, முன்மொழிபவர்: க. வெள்ளத்தாய் (அன்னாரின் ஒப்புதல் கையொப்பம் பெறப்பட்டது).

இரண்டு தடவை படித்தேன். நான் சரி என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தனிப் பக்கம்.

கூட வந்த ராசம்மா, "ஏடி, ஒம் பேரு போர்டுல வந்திருச்சு, நாளைக்கு நீயே தலைவி ஆயிருவ போல" என்று சிரித்தாள். ஆபீசில் இன்று நான் அடைத்த பெட்டியில் பாதிக்குக் குச்சி குறைவு என்று போர்மேன் திருப்பிக் கொட்டினான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கிளார்க்கிடம் போனேன். பேரை அடியுங்கள் என்றேன்.

"போட்ட கையெழுத்த அடிக்க முடியாது யக்கா. அது அரசாங்க நோட்டு."

"எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

படிக்கத் தெரியும், எழுதத் தெரியும் என்று இருபது பொம்பளைகளுக்கு முன்னால் பெருமைக்குப் போட்ட கையெழுத்து. ரேகை வைத்திருந்தால்கூட இவ்வளவு எரியாது.

தலைவர் வீட்டுக்குப் போனேன். சீனிராஜ் இல்லை. செல்வராணி உட்காரச் சொன்னாள். மோர் கொடுத்தாள்.

"எதுக்கு மதினி பேர அடிக்கணும்? ஒங்க பொண்ணு மாதிரி இன்னொருத்தி போகக் கூடாதுன்னுதான?"

"செல்வராணி, எம் மக மறைச்சு செய்யணும்னு நெனைக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்கு மூணு தடவ போனா. அங்க செஞ்சிருந்தா பிழைச்சிருப்பா. நீங்க அவராதம்னு எழுதி வச்சா, போற ஒண்ணு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகாம கடைக்குத்தான் போவாளுக."

அவள் மோர்ச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்த உயிரு?"

"அத நானும் நெனைக்கேன். தெனமும் நெனைக்கேன்."

"நெனைக்கிறவ ஏன் பேர அடிக்கச் சொல்றீக?"

மோரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அது தப்பு. அவள் மோசமான பொம்பளை இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

பொன்மலர் சொன்னாள்: "நீங்க சொல்லாட்டிப் போங்க யத்தே. போர்மேன் பொண்டாட்டி வாங்கித் தாரேன்னுட்டாக. வெள்ளிக்கிழம வந்திரும்."

ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றேன்.

"எதுக்கு, கற்பகக்கா மாதிரி மூணு தடவ அலையவா? எம் புருசன் பொங்கலுக்குத்தான் வருவாரு. பதினஞ்சாந்தேதிக்கு மேல ஊருல தெரிஞ்சா அவராதம் வேற. அதுவும் ஒங்க பேருலதான போர்டுல போட்டிருக்கு?"

அந்தக் கடைசிப் பேச்சுக்கு அப்புறம் அவளை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி உட்காரவைத்துச் சொன்னேன். மே மாதம் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை. அவள் அழுதாள். நான் அழவில்லை. வெள்ளிக்கிழமை மாத்திரையை வாங்க மாட்டேன் என்று பிள்ளையின் தலையில் கை வைத்தாள்.

ஆனால் ஊரில் பொன்மலர் ஒருத்திதானா?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வெட்ட மாட்டார், அவருக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. பிள்ளைகளைக் கூட்டிப் போவார். அங்கே யார் பார்ப்பது? ஷிப்டுக்குப் போகும்போது அறையில் வைத்துப் பூட்டுவாரா?

பேசாமல் இருந்துவிட்டால் உதவித் தொகை வரும். பிள்ளைகள் என்னோடு இருக்கும். என் பேர் நோட்டில் இருக்கும், அவ்வளவுதானே.

அவ்வளவுதானே என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் கிராம சபை. பேனர் பெரிதாக இருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். ஆபீஸ் லீவு, அதனால் பொம்பளைகள் நிறைய வந்திருந்தார்கள். டிரஸ்டுக்காரர் முன் வரிசையில். பொன்மலர் கடைசியில் பிள்ளையோடு.

குடிநீருக்கு ஒரு மணி நேரம் சண்டை. தெருவிளக்குக்கு அரை மணி. ஏழாவதைக் கிளார்க்கு வாசித்தார். வாசித்துவிட்டு, "முன்மொழிபவர் வெள்ளத்தாய்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரஸ்டுக்காரர் கை தட்டினார்.

எழுந்து நின்றேன். மைக்கு கொடுத்தார்கள், கூ என்று கத்தியது, தள்ளிவிட்டேன்.

"நான் முன்மொழியல. இது வருகைக் கையெழுத்துன்னு நெனைச்சுப் போட்டது. எம் பேர அடிங்க."

சீனிராஜ் சிரித்த முகத்தோடு, "துக்கத்துல இருக்கா, பாவம். உக்காரு தாயி" என்றார்.

"துக்கந்தான். உக்கார முடியல. ஒண்ணு கேக்கேன். தீப்பெட்டி ஆபீசுகளுக்கு இந்த ஊருலருந்து நூறு பொம்பளைக போறோம். கைப்பிள்ளைய வச்சிக்கிட ஒரு எடம் வேணும்னு மூணு வருசமா கேக்கோம். அத ஏன் எழுதல?"

"அது நம்ம அதிகாரத்துல இல்ல. மேல இருந்து வரணும்."

"அப்ப இது மட்டும் ஒங்க அதிகாரத்துல இருக்கா? எங்க வயிறு பஞ்சாயத்து எல்லைக்குள்ள வருதா?"

பின்னால் பொம்பளைகள் சிரித்தார்கள். ராசம்மா, "தெருவிளக்க மொதல்ல போடுங்கய்யா, பெறகு வயித்துக்குள்ள லைட்டு அடிச்சுப் பாக்கலாம்" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. சீனிராஜின் முகம் மாறிவிட்டது.

"ரொம்பப் பேசாத வெள்ளத்தாயி. எவளோ ஒருத்தி மாத்திரை வாங்கிக் குடுத்து ஒம் மகளக் கொன்னுட்டா. அவள மாதிரி ஆளத் தண்டிக்கத்தான் இந்தத் தீர்மானமே. அவளுக்கா பரிஞ்சு பேசுற?"

எவளோ ஒருத்தி.

"நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றேன்.

மைக்கு இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

"மூணாவது தடவ, யம்மா நீ கூட வா, பெரிய ஆளு இல்லாமச் சேக்க மாட்டேங்காகன்னு எம் மக கெஞ்சுனா. லாட்டு ஓடுது, முடியாதுன்னேன். லாட்டு மட்டும் இல்ல. அங்க போயி எல்லாரு முன்னாலயும் நிக்க எனக்குக் கூச்சம். அதான் நெசம். அப்புறம் நானே கடைக்குப் போயி வாங்கிட்டு வந்தேன். ரெண்டு நாளு ரத்தம் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா கேள்வி கேப்பாகன்னு பயந்து கருப்பட்டித் தண்ணி குடுத்துப் படுக்க வச்சேன். பயமுறுத்துனா பொம்பளைக இதத்தான் செய்வோம். நீங்க இன்னும் கொஞ்சம் பயமுறுத்துறதுக்கு நோட்டுல எழுதுறீக. புருசன் கையெழுத்து வேண்டாம்னு சட்டம் இருக்கு. எம் மக செத்ததுக்கு அப்புறம் ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அத எழுதிப் போர்டுல ஒட்டுங்க. அவராதம்னா மொத அவராதம் எனக்குப் போடுங்க."

யாரோ "அடிப் பாவி" என்றார்கள். ஆம்பளைகள் பக்கம் ஒரே கூச்சல். போலீஸில் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். டிரஸ்டுக்காரர் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

கிளார்க்கு சீனிராஜைப் பார்த்து, "அப்ப நிறைவேறியதுன்னு எழுதவா?" என்று கேட்டார். அதுவரை வாயே திறக்காத செல்வராணி, "எழுதாதீக. தலைவி நான்தான? நான் கையெழுத்துப் போடல" என்றாள். சீனிராஜ் அவளைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. தீர்மானம் ஒத்தி வைக்கப்பட்டது என்று கிளார்க்கு எழுதினார். அக்டோபர் இரண்டில் மறுபடி வருமாம். என் பேரை அடித்தாரா என்று கேட்டேன். நோட்டை மூடிவிட்டார்.

செல்வராணி என்னைத் தாண்டி அழுதுகொண்டே போனாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மாப்பிள்ளை போன். யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். வாயால் சொல்ல முடியாத பேச்செல்லாம் பேசினார். கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதில் பாதி நான் எனக்கே சொன்னதுதான். அடுத்த வாரம் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போவேன் என்றார். "வரும்போது ஆதாரையும் எடுத்துட்டு வாங்க, பேரு மாத்தணும்" என்றேன். வைத்துவிட்டார்.

ஆபீசில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. ராசம்மா மட்டும் உட்கார்ந்தாள். அவளும் பேசவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

போலீஸ் வரவில்லை. அகல்யா கேட்டாள்: "அம்மாச்சி, நீதான் அம்மாவுக்கு மருந்து குடுத்தியா?" ஆமாம் என்றேன். "தெரிஞ்சா குடுத்த?" தெரியாமல் என்றேன். போய்ப் பல் விளக்கினாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

டவுன் ஆஸ்பத்திரி. இங்கே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏழு மணி பஸ்ஸுக்கு நானும் பொன்மலரும் பிள்ளையும் வந்துவிட்டோம். போர்மேனிடம் லீவு கேட்கவில்லை, வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். வழியில் பொன்மலரிடம், மனசு மாறினால் சொல், இப்படியே திரும்பிவிடலாம், அதுக்கும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, திரும்ப வேண்டாம் என்று தலையாட்டினாள்.

சீட்டு வாங்க ஒரு வரிசை. பிரஷர் பார்க்க ஒரு வரிசை. டாக்டர் வரப் பத்தாகிவிட்டது. நர்ஸ் ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் எங்கே? அவர் கையெழுத்து இல்லாம நடக்காது" என்றார். அப்படியே அதே பேச்சு. பொன்மலர் எழுந்துவிட்டாள், போகலாம் யத்தே என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் நகரவில்லை. "இவளுக்கு இருபத்திரண்டு வயசு. இவ கையெழுத்து மட்டும் போதும்மா" என்றேன்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"எம் மக செத்த பெறகு சொன்னாக."

நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். ஊர்ப் பேரைப் பார்த்திருப்பார். உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து டாக்டரே வெளியே வந்து, பொன்மலரை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு போனார். ஸ்கேன் எடுக்க வேண்டும், பிறகு சொல்கிறேன் என்றார். கர்ப்பத்தடை ஆபரேசன் பேச்சு இதுவரை எடுக்கவில்லை. எடுத்தால் அதற்கும் பேச வேண்டும்.

பதினொரு மணிக்கு உள்ளே போனவள். இப்போது மணி ஒன்று. பிள்ளை அழுது அழுது என் மடியில் தூங்கிவிட்டான், மூத்திரம் போய் என் சேலை நனைந்திருக்கிறது. எழுந்து போய் அலசலாம். கூப்பிடும்போது ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது. கதவு திறக்கிறபோதெல்லாம் பார்க்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்.